மாமாவுக்காகக் காத்திருந்த கையெழுத்து

ஃபினாயில் வாசனை... ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. பகலிலேயே இருட்டு. வாசலில் நர்ஸ் குனிந்து என் கொலுசைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தார். "சத்தமே வரக்கூடாது பாப்பா" என்றார், அதையும் ரகசியம் போல.

எண்பதுகளின் நடுவில், மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றின் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் வார்டு அது. சத்தமோ வெளிச்சமோ பட்டால் இழுப்பு வந்துவிடும். எனக்கு எட்டு வயது. உள்ளே படுத்திருந்தது அம்மா.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்த ஆணி அம்மாவின் காலில் ஏறியது. எண்ணெயைக் காய்ச்சி ஒத்தடம் கொடுத்ததோடு சரி. ஊசி போடப் படப்பைக்குப் போக வேண்டும். நடவு நேரம், போகவில்லை. பத்து நாள் கழித்துச் சோறு சாப்பிட வாய் திறக்கவில்லை.

சேர்த்த மறுநாள் காலை டாக்டரம்மா அப்பாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கழுத்தில் சின்னதாக ஓட்டை போட்டு மூச்சுக்கு ஒரு குழாய் வைக்க வேண்டும், ட்ரக்யாஸ்டமி என்று பெயர், கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

அப்பாவுக்குப் புரியவே இல்லை.

"நல்லாத்தான பேசிக்கினு கீறா டாக்டரம்மா? பல்லக் கடிச்சிக்கினே, புள்ள துன்னுச்சான்னு கேக்கறா. பேசறவ கழுத்துல எதுக்குக் கத்தி வெக்கணும்?"

"பேசறப்பவே வெச்சாதான்ப்பா. இழுப்பு வந்து தொண்டை அடைச்சுக்கிட்டா ரெண்டு மூணு நிமிஷம்தான். அப்ப உங்களத் தேடிக்கிட்டு இருக்க முடியாது."

"இன்னிக்கே வந்துடுமா?"

"வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. அதனாலதான் முன்னாடியே கேக்கறேன்."

அப்பாவின் பயம் கத்தியோடு முடியவில்லை. கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு ஆபரேஷன் என்றால், எங்கள் பக்கம் தாய் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காமல் செய்து ஏதாவது ஆகிவிட்டால் காலத்துக்கும் பேச்சு. "மச்சான் வந்துடட்டும்" என்றார்.

அம்மாவின் அண்ணனுக்கு வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை. மில்லுக்கு ட்ரங்க் கால் போட்டோம். லோடோடு போயிருக்கிறார், வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள்.

காத்திருந்தோம்...

மத்தியானம் வராந்தாவில் யாரோ டிபன் கேரியர் மூடியைக் கீழே போட்டார்கள். அவ்வளவுதான். அம்மாவின் உடம்பு வில்லாக வளைந்தது. உதடு நீலமானது. கதவிடுக்கில் நின்ற எனக்கு அந்த மூச்சில்லாத நேரம் எவ்வளவு என்று இன்றும் சொல்லத் தெரியாது. நர்ஸ் ஓடிவந்து ஊசி போட்டார். உடம்பு மெல்லத் தளர்ந்து, மூச்சு வந்தது.

"அந்தப் பேப்பர் எங்கம்மா?" என்றார் அப்பா.

மாமா சாயங்காலம்தான் வந்தார். அதற்குள் அம்மாவின் கழுத்தில் ஒரு வெள்ளிக் குழாய், சுற்றிலும் பஞ்சு. உதடு அசைந்தது, குரல் இல்லை. மாமா வெளியே வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"பேசிக்கினு இருந்தவள ஊமையாக்கிட்டியே மாப்ள! என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"



அடுத்த நாளிலிருந்து இழுப்பு அடுக்கடுக்காக வந்தது. வாய் பூட்டிக்கொள்ளும், தொண்டை இறுகும். குழாயில் மட்டும் உஸ்... உஸ் என்று காற்று போய்வரும். அப்படி ஒன்றை மாமா பக்கத்தில் நின்று பார்த்தார். வெளியே வந்து பெஞ்சில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீ குடிக்கலாமா மாப்ள?"

அதோடு சரி.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது குழாயை எடுக்க. கரகரவென்று குரல் வந்ததும் அம்மா முதலில் திட்டியது அப்பாவைத்தான். "எங்கண்ணன் வந்து இன்னா, மூச்சு வுட்டுக் குடுக்கப் போறாரா?"

இன்று ஊரைச் சுற்றிக் கம்பெனிகள். ஷிப்ட் பஸ் நிற்கிற இடத்திலேயே ஆஸ்பத்திரி. யாரையும் ஒரு நொடியில் போனில் பிடிக்கலாம். ஆனால் அந்தக் காகிதம் முன்னால் வந்தால் நமக்கும் கை ஓடுவதில்லை.

வெகுநாள் கழித்துப் பிறந்த என் பையனுக்கு மூன்று வயது. மூக்குக்குள் சதை, தூங்கும்போது மூச்சு விட்டு விட்டு வருகிறது. ஆபரேஷன் செய்துவிடலாம் என்று சம்மதக் காகிதத்தைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. இன்று அம்மாவுக்குப் போன் செய்து, ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"இப்பவே பண்றது நல்லதுங்கறார்."

"அப்பறம் இன்னாத்துக்குடி என்னைக் கேட்டுக்கினு கீற?"

போனை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.