ஒரே தட்டில் இரண்டு நாய்கள்

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் இருந்த பாலம்மாவுக்குச் சண்டை என்றாலே ஆகாது. கொழுந்து பறிக்கும் மலையில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் போதும், வீட்டுக்கு இழுத்துவந்து ஒரே தட்டில் சோறு போட்டு ராசியாக்கிவிடுவாள். மனிதர்களிடம் அது பலித்தது.

மகன் பழனியாண்டிக்குத் தெல்தோட்டையிலிருந்து வேலாயியைக் கட்டிவைத்தபோது, அவளோடு ஒரு செவலை நாயும் லொறியேறி வந்தது. பாலம்மாவின் நாய் கறுப்பனுக்கு அதைப் பிடிக்கவில்லை. இவள் சும்மா இருந்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே தட்டில் கருவாட்டுச் சோறு வைத்தாள். ரத்தம் வந்தது. தட்டுத்தான் சிறிசு என்று மறுநாள் பெரிய தட்டில் வைத்தாள், மகராசி. விலக்கப் போன கை கிழிந்ததுதான் மிச்சம்.

“ஒங்க கை ஆறுறதுக்குள்ள இதுக அடங்கலன்னா, செவலைய வத்தேகம சந்தையில விட்டுட்டு வந்துருவேன்,” என்றான் பழனியாண்டி. வேலாயி செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறந்த வீட்டிலிருந்து அவளோடு வந்த ஒரே உயிர் அது.

வேலைக்குப் போக முடியாமல் பாலம்மா வாசலில் கிடந்தாள். மூடுபனி லயத்தையே விழுங்கியிருந்தது. கோயில் மணி தண்ணீருக்குள் அடிப்பதுபோலக் கேட்டது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த நிலையில்தான் அவள் கவனித்தாள். ஒரு நாயின் கண்ணுக்கு மற்றது தெரியாதவரை இரண்டும் நிம்மதியாகப் படுத்திருந்தன. பனி விலகியதும் கறுப்பன் எழுந்து, வால் விறைக்க, அசையாமல் முறைத்தது. பாய்வதற்கு முன்பே “கறுப்பா” என்று மெல்லக் கூப்பிட்டாள். முறைப்பை விட்டுவிட்டு அவளிடம் வந்தது.

அதன்பிறகு ஒன்றுக்கு அடுப்படியில் சோறு, மற்றதற்கு வெளியே தண்ணீர் கொட்டும் பீலியோரம். சாயங்காலங்களில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் நடந்தார்கள். முதலில் இருவருக்கும் நடுவில் பல செடி நிரைகள் இருந்தன; போகப்போக ஒரே நிரை. இடுப்புக்குக் கீழே எல்லாம் பனி. இரண்டு பேரும் மிதந்து போவதுபோல் இருக்கும். பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாயிருக்கும். காயம் எப்போதோ ஆறிவிட்டது. கையில் போட்ட கட்டை மட்டும் பாலம்மா அவிழ்க்கவில்லை. மகனைக் கண்டால் முனகுவாள், கள்ளி.

ஒருநாள் இரண்டு நாய்களும் ஒரே பாதையில், ஒன்றையொன்று சட்டை செய்யாமல் நடந்து வந்தன. பாலம்மா அங்கேயே கைக்கட்டை அவிழ்த்து எறிந்தாள். செவலை இனி எங்கும் போகாது என்று சொன்னாள். வேலாயி கொஞ்சநேரம் அழுதாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அத்தை, எனக்கும் தனித் தட்டுல சோறு போடுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து, பாசம் வளரட்டும் என்று மருமகளைத் தன் தட்டிலேயே சாப்பிட வைத்திருந்தாள் பாலம்மா. அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டைப் பார்த்து விறுவிறுவென நடந்தாள். வந்ததும் அலுமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கழுவிச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

அன்றுதான் வேலாயி முதன்முறையாக மறுசோறு கேட்டாள்.