தூணின் வயிறு

உடற்பயிற்சிக் கூடத்தில் உங்கள் முன் நின்று புரதப் பொடியைக் குலுக்கிக் குடித்துக் காட்டுகிறவரிடம், "உங்க வயிறு எப்படி இருக்கு?" என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

தூணிடம் யாரும் கேட்கவில்லை. கடைத்தெரு மாடியில் இருந்த கூடத்தில் அவன் பயிற்சியாளன். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் கூரையே அவன் தலைமேல்தான் நிற்கிறதோ என்று தோன்றும். அதனால் அந்தப் பட்டப்பெயர். புதிதாக யார் சேர வந்தாலும் அவர்கள் கண்முன்னே தூண் ஒரு புட்டித் தண்ணீரில் புரதப் பொடியைக் கரைத்துக் குடிக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். "உன் உடம்புதான்டா நம்ம விளம்பரப் பலகை" என்பார்.

சிறு வயதிலிருந்தே தூணுக்குப் பால் ஆகாது. பால் வேறு, பொடி வேறு என்று நம்பிக் குடித்தான். பாலைத் திரியவைத்தபின் மிஞ்சும் தண்ணீரிலிருந்து எடுத்ததுதான் அந்தப் பொடி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. டப்பாவின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். முன்பக்கம் முழுக்கச் சிங்கம்.

குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுடவென்று உருளும். காற்றுப் பிரியும் சத்தம் கேட்காமலிருக்க எடைத்தட்டுகளைத் தடாலென்று போடுவான். பனியனுக்குள் வயிறு துருத்தத் தொடங்கியபோது, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தான். வீக்கத்தைக் கொழுப்பு என்று நினைத்து, இராச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகவும் பொடியையே குடித்தான். வயிறு இன்னும் உப்பியது.

சலவைக்கடையில் துணி தேய்க்கும் அவன் அக்கா, வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தவனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா, மாசமா இருக்கியா?"

"போக்கா, நீ வேற."

"விளையாட்டுக்குச் சொல்லல. கக்கூஸ்லயே குடித்தனம் நடத்துற. அந்தக் கருமத்த விட்டுத் தொலையேன்."

"நான் குடிக்கலைன்னா, குடிக்கிறவனா பார்த்து வேலைக்கு வெச்சுக்குவாருக்கா."

ஆனாலும் மறுநாள் முதலாளியிடம் வாயைத் திறந்தான்.

"அண்ணா, வயிறு ஒத்துக்கல. கொஞ்ச நாள் குடிக்காம இருக்கட்டுமா?"

"பொடி வேலை செய்யுதுடா! தண்ணி நிறைய குடி. இத வெளிய உளறி வைக்காத, வியாபாரம் படுத்துடும்."

அன்றும் சேர வந்தவர்களுக்காகக் குடித்தான். அந்த வயிற்றோடுதான், எடை தூக்கும்போது கம்பி தவறினால் தாங்கிப் பிடிக்க, வாத்தியார் ஒருவருக்குத் துணையாக நிற்கப் போனான். பள்ளிக்கூடம் முடிந்து கூடத்துக்கு வரும் சாதுவான மனிதர் அவர். மல்லாந்து படுத்து அதிக எடை தூக்குவது அவருக்கு அதுதான் முதல்முறை.

"தம்பி, நீங்க இருக்கீங்கல்ல?"

"நான் பார்த்துக்கறேன் சார். தைரியமா தூக்குங்க."

வாத்தியார் தூக்கிய கம்பி பாதியிலேயே நின்றது. கம்பியைப் பிடிக்கத் தூண் குனிந்தான். அந்த நொடியில் ஈரத்துணியைப் பிழிவதுபோல் வயிற்றுக்குள் ஒரு முறுக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டான். கம்பி வாத்தியாரின் தோளில் இறங்கி, காறையெலும்பு முறிந்தது.

"பொறுப்பில்லாத நாய்" என்று எல்லார் முன்னிலும் சொல்லி முதலாளி அவனை அனுப்பிவிட்டார். பொடியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த வாத்தியார் கோபப்படவில்லை. "ஏன் தம்பி விட்டுட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு வயிற்றுவலி என்று சொல்லத் தூணுக்கு வெட்கமாக இருந்தது. "கை வழுக்கிடுச்சு சார்" என்றான். கை வழுக்கினவன் என்று அந்தப் பொய்யே அவனுக்குப் பெயராக ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது.

பொடியை விட்டதும் வயிறு அடங்கிவிட்டது. ஆனால் எந்தக் கூடமும் அவனை வாசல்படி ஏற்றவில்லை. இப்போது அக்காவின் சலவைக்கடைக்காக வீடு வீடாகப் போய் அழுக்குத் துணி மூட்டை தூக்கி வருகிறான். வாத்தியார் வீடிருக்கும் தெருவுக்கு மட்டும் அக்காதான் போகிறாள்.

கை வழுக்கவில்லை. ஒருவன் வயிற்றைக் கெடுத்துத்தான் அங்கே வியாபாரம் நடந்தது. அந்தச் சட்டம் இன்னும் பல கூடங்களில் இருக்கிறது, அதை ஓடவைப்பது நீங்கள் கட்டும் சந்தா. அடுத்த சந்தாவைக் கொடுக்குமுன், "வேலைக்காரர்களைப் பொடி குடிக்கச் சொல்வதை நிறுத்துங்கள், அப்புறம் கட்டுகிறேன்" என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.