கூண்டேறிய கல்யாணத் தரகர்

வெண்ணந்தூர் வசந்தாமணி யாரைப் பற்றியும் குறை சொல்ல மாட்டார். அது குணம் என்பதைவிடத் தொழில் என்று சொல்வதே சரி. அவர் கல்யாணத் தரகர். குடிக்கிற மாப்பிள்ளை அவர் வாயில் ‘கலகலப்பான பையன்’ ஆவான். வேலைக்குப் போகாதவன் ‘ஊட்டுக்கு அடங்குன புள்ளை’ ஆவான். ஸ்கூட்டியைக் கிளப்பினால், ராசிபுரம் முதல் ஜேடர்பாளையம் வரை எந்தத் தோட்டத்தில் எந்தப் பையன் பெண் கிடைக்காமல் நிற்கிறான் என்பது அவருக்கு அத்துப்படி.

அப்படி நின்றவர்களில் ஒருவன் தமிழரசு. முப்பத்துநான்கு வயது, சொந்தத் தோட்டத்தில் விவசாயம். விவசாயம் என்றதுமே பெண் வீட்டார் போனை வைத்துவிடுகிற காலம் இது. பல வருடம் அலைந்து, ஜேடர்பாளையம் நவநீதகிருஷ்ணனின் மகள் கிருத்திகாவை வசந்தாமணி கண்டுபிடித்தார். நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தாளுநர். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டு சம்பந்தத்தை உறுதி செய்வதற்கு நாளும் குறித்தாயிற்று.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் பெண் வீட்டில் சொல்லவில்லை. போன ஆடியில் தமிழரசுவின் ஜாதகத்துக்கு இன்னொரு நகல் வாங்கத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, அவன் அப்பா சென்னிமலைக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பாலசுந்தரத்துக்கும் வேலித் தகராறு. சென்னிமலை ஓர் அறை விட்டுத் தள்ளியதில் பாலசுந்தரத்தின் தலை வேலிக் கல்லில் மோதித் தையல் போடும்படி ஆனது. போலீஸ், வழக்கு. பார்த்த ஒரே வெளியாள் வசந்தாமணி.

சம்மன் கொண்டுவந்த காவலர் மருதாசலத்துக்கு அவர் அகப்படவே இல்லை. ஒரு முறை கோவிலுக்குப் போயிருந்தார். இன்னொரு முறை தம்மம்பட்டித் தங்கை வீட்டில் இருந்தார். மூன்றாவது முறை மருதாசலம் நேரில் வரவில்லை. போன் போட்டார்.

“ஏனுங்கக்கா, எங்கண்ணன் புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கோணுமுங்க. எம்.எஸ்சி. படிச்சிருக்குது.”

அடுத்த அரை மணியில் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு பேக்கரி முன்னால் ஸ்கூட்டி வந்து நின்றது. சாதா உடுப்பில் இருந்த மருதாசலம் காபி சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சம்மனை எடுத்து நீட்டினார்.

“கையெழுத்துப் போடுங்கக்கா.”

“அடப்பாவி! அப்ப புள்ளை?”

“அது அப்பறம் பேசலாமுங்க.”

அன்று மாலையே சென்னிமலை வசந்தாமணியின் வீடு தேடி வந்தார். “அம்மிணி, ஞாபகமில்லைன்னு ஒரே வார்த்தை சொல்லிப்போடு. கோர்ட்டுல எம்பேரு கெட்டா பொண்ணூட்டுக்காரங்க நம்மளத் திரும்பிப் பாப்பாங்களா? எம்பையன் கடைசி வரைக்கும் ஒத்தையாத்தான் நிப்பான்.”

வசந்தாமணிக்கும் அதே கவலைதான். சரி என்று தலையாட்டிவிட்டார்.

ராசிபுரம் நீதிமன்றத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினார். உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார். அரசு வழக்கறிஞர் சென்னிமலையைக் காட்டி, “இவரைத் தெரியுமா?” என்று கேட்டார்.

“நல்லாத் தெரியுமுங்க. சொந்தத் தோட்டம், வத்தாத கெணறு, ஒரே பையன், எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாதுங்க.”

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. இங்க யாரும் பொண்ணு கொடுக்க வரலை.”

கூட்டத்தில் சிரிப்பு வந்த திசையில் வசந்தாமணி திரும்பினார். கடைசி பெஞ்சில் நவநீதகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிருத்திகா.

“சம்பவத்தன்னைக்கு என்ன பார்த்தீங்க?”

ஞாபகமில்லை என்ற வார்த்தை வாய் வரை வந்தது. கிருத்திகா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஒரு வீட்டுக்கு வாழப் போக இருப்பது தன் வாயை நம்பித்தான் என்பது வசந்தாமணிக்கு உறைத்தது.

“அடிச்சாருங்க,” என்றார். “அறைஞ்சு தள்ளி உட்டாருங்க. பாலசுந்தரண்ணன் மண்டை கல்லுல பட்டுது.”

சென்னிமலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சம்பந்தம் முறிந்தது என்று வசந்தாமணியும் மனதுக்குள் முழுக்குப் போட்டுவிட்டார்.

சென்னிமலையின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். “நீங்க அந்த இடத்துலயே இல்லை. போலீஸ் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கறீங்க.”

தன்னைப் பொய்க்காரி என்கிறாரே என்று வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. “நான் இல்லாமயா தமிழரசு குறுக்க பாஞ்சு அவங்கப்பனப் புடிச்சதப் பாத்தனுங்க? அப்பன் ஓங்குன அடுத்த அடி அவன் மேலதான் உளுந்துது. தோள்ல கெடந்த துண்டக் கிழிச்சு பாலசுந்தரண்ணனுக்குக் கட்டுப் போட்டு, பைக்குல வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் அந்தப் பையன்தானுங்க!”

வக்கீல், “வேறு கேள்வி இல்லை,” என்று அவசரமாக உட்கார்ந்தார்.

வெளியே டீக்கடையில் நவநீதகிருஷ்ணன் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க வசந்தாமணி, கெணத்தைச் சொன்னீங்க, மாட்டைச் சொன்னீங்க. இதை ஏனுங்க சொல்லலை?”

“அப்பன் அடிச்சத மறைக்கப் போயி, பையன் கட்டுப் போட்டதும் சேந்து மறைஞ்சு போச்சுங்க. தப்புத்தானுங்க. ஆமா, உங்களுக்கு ஆருங்க சொன்னது?”

கிருத்திகா போனைக் காட்டினாள். “கோர்ட்டு ஆப்புல பேரைத் தட்டுனா கேஸ் வந்துருதுங்கக்கா. ஊருக்குள்ள விசாரிச்சா எல்லாரும் தங்கமானவங்கன்னுதான் சொல்லுவாங்க. கோர்ட்டுலதான உண்மையைச் சொல்லியாகோணும்? அதான் அப்பாவைக் கூட்டிட்டு இங்கயே விசாரிக்க வந்துட்டேன்.”

பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த பாலசுந்தரம் கேட்காமலே நுழைந்தார். “பையன் சொக்கத் தங்கமுங்க. அப்பனத்தான் கொஞ்சம் கட்டி வெக்கோணும்.”

கிருத்திகா சிரித்தாள். பிறகு, தள்ளி நின்ற தமிழரசுவைப் பார்த்துச் சொன்னாள். “உங்கப்பா இவருகிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். உப்புச்சக்கரைக்கு இவரும் வந்து முன்னால உக்காரோணும். அப்படீன்னா எனக்குச் சம்மதம்.”

தமிழரசு அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். சென்னிமலை டீக்கடைக்காரரிடம் போய் ஒரு டீ வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, பாலசுந்தரத்தின் முன்னால் நீட்டினார். “கை நீட்டுனது தப்புத்தான், பங்காளி. புடி, ஆறிரும்.”

“சக்கர போட்டிருக்குதா?” என்று கேட்டுக்கொண்டே பாலசுந்தரம் வாங்கிக்கொண்டார். வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று இருவரும் ஒரே வக்கீலிடம் கேட்கப் போனார்கள்.

வசந்தாமணி ஸ்கூட்டியில் சாவியைப் போட்டபோது மருதாசலம் ஓடி வந்தார். “அக்கா, அந்த எம்.எஸ்சி. புள்ளை நெசமாலுமே இருக்குதுங்க.”

“இருக்கட்டும் தம்பி. ஆனா உங்க ஊட்டு ஆளுங்கள நானும் விசாரிப்பேன். கேஸு கீஸு ஏதாச்சும் இருக்குதா?”