படத்தின் பின்பக்கம்

வீட்டில் என் மேசை லாச்சியை இழுத்தால் உள்ளே ஒரு பென்சில் துண்டு கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மெல்பேர்னில் நான் வேலை பார்க்கும் யூதச் சமூக ஆவணக் காப்பகத்தில், பழைய படங்களின் பின்பக்கத்தில் பெயர் எழுத அன்ரி எனக்குத் தந்தது. பேனை மை ஊறி மறுபக்கத்து முகத்தைக் கெடுத்துவிடும். ஆகவே மென்மையான பென்சில்தான், அதுவும் அழுத்தாமல், ஓரத்தில். அன்ரி என்று நான் சொல்வது காப்பகத்தின் பொறுப்பாளரை. மற்ற எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். என் அம்மாவின் வயதுக்காரரை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள் 'அன்ரி' என்றபோது முறைத்தார். மறுநாள் திரும்பிப் பார்த்தார்.

ஒளிப்பானேன், அங்கே வரும் மனிதர்கள்மேல் எனக்குப் பொறாமை. போலந்தில் ஒரு வட்டாரத்தின் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் சேர்த்த படங்கள் அங்கே பெட்டி பெட்டியாக இருந்தன. நான் வசிக்கும் கிரெய்கிபர்னிலிருந்து நகரத்தின் மறுகரைக்குக் கார் ஓட்டிப் போய் அவற்றை ஸ்கேன் செய்வது என் வேலை. புதன்கிழமை காலையில் வயதானவர்கள் கூடுவார்கள். பெயர் தெரியாத ஒரு படத்தை அன்ரி சுவரில் பெரிதாகக் காட்டுவார். உடனே சண்டை தொடங்கும். அது மூத்தவள் இல்லை, இளையவள், மூத்தவளுக்கு வகிடு வலப்பக்கம் என்பார் ஒருவர். உனக்கென்ன தெரியும், நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய் என்பார் இன்னொருவர். கசகசா கேக் வாயில் இருக்கும்போதே கத்துவார்கள். ஒருமுறை, வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் பெயரை ஒரு கிழவர் எழுந்து நின்று சொன்னார். அவள் வாசலால் உள்ளே வந்துவிட்டதுபோல் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அன்ரி அந்த ஊர்களில் ஒரு நாளும் வாழ்ந்தவரில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் அகதி முகாமில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். ஆனாலும் பேக்கரிக்கு அடுத்த வீட்டில் யார், அவருடைய மச்சான் யார், யார் யாரோடு கோபம் என்று எல்லாம் சொல்வார். அவருடைய தாய் தினமும் தலை வாரிவிடும்போது ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கொடுத்தாராம். அதைக் கேட்ட அன்று வீடு வரும்வரை காரில் ரேடியோகூடப் போடவில்லை. எனக்கும் ஒரு தாய் இருக்கிறாரே.

எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு படம். கரப்பந்துக் கம்பத்தடியில் ஆறு பேர், இடமிருந்து இரண்டாவது என் அண்ணா. மற்றப் படங்களையெல்லாம், யாழ்ப்பாணத்தில் ஆமிச் சிப்பாய்கள் வீடு வீடாகத் தேடிய நாட்களில் அம்மாவே அடுப்பில் வைத்தார். இதை மட்டும் ஏனோ தலையணைக்குள் தைத்தார். அண்ணாவைச் சோதனைச்சாவடியில் பிடித்துப் போனார்கள், திரும்பி வரவில்லை. அப்போது நான் சின்னப்பிள்ளை, மற்ற ஐந்து பேரையும் எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

"அம்மா, கடைசியில நிக்கிறவர் ஆர்?"

"ஆரோ பெடியன்."

"உங்களுக்குத் தெரியும். சொன்னால் எழுதி வைக்கலாம்."

"எழுதி என்னத்துக்கு? அங்க அக்கா இருக்கிறா, பிள்ளையள் இருக்கினம். இந்தப் பெடியளின்ர சகோதரங்களும் அங்கதான். எழுதினது ஆற்ற கையில போய் நிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? உள்ள வை பிள்ளை."

மெல்பேர்ன் ஓரத்தில் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் எங்கள் ஊர் அங்கிள் ஒருவரிடம் படத்தைக் கொடுத்தேன். அவருடைய விரல் ஒரு முகத்துக்கு மேலே வந்து நின்றது. பிறகு, "கண்ணாடி கொண்டரேல்லை பிள்ளை" என்று திருப்பித் தந்தார். கண்ணாடி அவருடைய மூக்கிலேயே இருந்தது.

அந்த எரிச்சலோடுதான் அடுத்த புதன் போனேன். எல்லோரும் போனபின் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் பெயர் கிடைத்துவிட்டது என்று அன்ரி பெருமைப்பட்டார். உங்களுக்கென்ன, கொடுத்துவைத்தவர்கள், எங்கள் ஆட்கள் வாயே திறக்கமாட்டார்கள் என்று ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன். அம்மா சொன்னதையும் சொன்னேன். அன்ரி கையிலிருந்த தட்டைச் சத்தத்தோடு வைத்தார்.

எந்தப் பெயரையும் நாங்கள் உரத்துச் சொல்லலாம், என்றார். அதைக் கேட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால் திறக்க, அந்தத் தெருவில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. உன் அம்மாவுக்குப் பயப்படுவதற்கு அங்கே ஒரு மகள் இருக்கிறாள். என் அம்மாவுக்கு யாரும் இருக்கவில்லை. எனக்கு உன்மேல் எவ்வளவு பொறாமை தெரியுமா?

பிறகு ஏற்கெனவே துடைத்த மேசையை இன்னொருமுறை துடைத்தார். அடுத்த புதன் இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குக் கேக் மட்டும் பெரிய துண்டாக வந்தது.

போன குளிர்காலத்தில் அன்ரி காலமானார். அடுத்து வந்த புதன்கிழமை அவருடைய படம் சுவரில் வந்தது. ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. ஒரே குரலில் பெயரைச் சொன்னார்கள், நான் எழுதினேன். அழுதுகொண்டேதான் எழுதினேன், அப்போதும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அன்றுதான் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் படத்தை மேசைக் கண்ணாடியின்மேல் கவிழ்த்து வைத்தேன். அண்ணாவின் பெயரையாவது எழுதிவிடுவோம் என்று பென்சிலைப் பிடித்தேன். குசினியில் அடுப்பைப் பார்த்தபடியே அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவோடு உரத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். "சாப்பிட்டியோ? உன்ர பெடியன் வேலையால வந்திட்டானோ?" அக்கா என்னவோ சொல்லிச் சிரித்தாள். யாழ்ப்பாணத்துச் சிரிப்பு எங்கள் சுவரைத் தாண்டி வந்தது.

சிரிப்பு முடியும்வரை பென்சிலைப் பிடித்தபடியே இருந்தேன். பிறகு அதை லாச்சிக்குள் போட்டேன். படத்தின் பின்பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அந்த ஆறு பெயரும் தெரிந்த அம்மாவுக்கு இந்த ஆடியோடு எண்பது வயது.