ஊசியும் பானகமும்

ஒரு பெண் பட்டினியாக நிற்கிறாள் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே அவளுக்கு முழு அளவு இன்சுலின் ஊசி போட்டேன். அது அவளைத் தள்ளாட வைத்தபோது, காரணம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாயைத் திறக்கவில்லை. ஐம்பதுகளின் நடுவில், சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்து டிஸ்பென்சரியில் அப்போது நான் கம்பவுண்டர். பாலக்காட்டுக்குக் கிழக்கே இருந்து மலையேறி வந்த, இன்டர்மீடியட் தேறிய கர்வம் கொண்ட இளைஞன்.

அந்தக் காலைகள் இன்றும் எனக்குள் பாதித் தூக்கம் போலத்தான் மிதக்கின்றன. கதவைத் திறந்தால், மஞ்சு என்று அங்கே சொல்லும் மூடுபனி உள்ளே வந்து மருந்துக் குப்பிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். எதிரே ஃபாக்டரியில் தேயிலை வாடும் மணம். வெளியே கால் சத்தம் மட்டும் கேட்கும், ஆள் தெரியாது. பிறகு வெண்மைக்குள்ளிருந்து ஒரு முக்காடு, ஒரு முகம், கையில் ஒரு சின்னக் குப்பி. அவள்.

கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் ஒரே மகள். பதினாறு, பதினேழு வயது இருக்கும். முந்தைய வருடம் தாகம் தாகம் என்று தண்ணீர் குடித்தே எலும்பாக இளைத்துப்போனவளைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடம்பு தானே இன்சுலின் சுரக்காத வகைச் சர்க்கரை நோய். நாள் தவறாமல் ஊசி; உயிருள்ள வரைக்கும் ஊசி. வாரம் ஒருமுறை வரும் டாக்டர் அளவு எழுதிக் கொடுப்பார். ஊசி போடுவது என் வேலை. மருந்தை ஈர மணல் நிரப்பிய மண்பானையில் வைத்திருந்தேன். கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்கவைத்து எடுப்பேன். அவள் கொண்டுவந்த சிறுநீரில் சில துளிகளை நீலக் கரைசலில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டுவேன். சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும். அதிகமென்றால் பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போய்விடும்.

"இன்னைக்கு மயிலா, செங்கல்லா?" என்று எட்டிப் பார்ப்பாள்.

"பச்சைக்கிளிங்க."

"என்னயப் போயி வாங்க போங்கன்னு பேசுற ஒரே ஆளு இந்த மலையில நீங்கதான் சார்."

ஊசியைக் கையில் எடுக்கும் முன் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க அம்மணி, சாப்பிட்டாச்சுங்களா?" சாப்பிடாத உடம்பில் இன்சுலின் ஏறினால் இரத்தத்தில் இருக்கிற கொஞ்ச சர்க்கரையும் வடிந்துவிடும். வியர்க்கும், நடுங்கும், நாக்குக் குழறும், நினைவு தப்பும். உயிரும் போகலாம். டாக்டர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். என் கொங்குப் பேச்சை அவள் அப்படியே திருப்பிச் சொல்லுவாள்: "சாப்பிட்டாச்சுங்கோ!"

மாரியம்மன் திருவிழா அன்று மஞ்சள் சேலையில், ஈரத் தலையோடு, இடுப்பில் வேப்பிலை செருகிக்கொண்டு வந்தாள். விரதம் என்பது அதற்குமேல் எப்படித் தெரிய வேண்டும்? கோயில் பக்கமிருந்து பம்பைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பூ எடுத்து வருவதைப் பார்க்க எனக்கு அவசரம். கேட்டால் "சாப்பிடலை" என்பாள். பிறகு அளவைக் குறைக்க வேண்டும், ஏதாவது தின்னவைத்துக் காத்திருக்க வேண்டும். அதனால் கேட்கவில்லை. போட்டேன், பூட்டினேன், ஓடினேன்.

உச்சிப்பொழுதுக்கு மஞ்சு மறுபடி இறங்கிவிட்டது. உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையில் அவள் மெல்ல ஆடத் தொடங்கினாள். முகமெல்லாம் வியர்வை. கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. வாயில் பாதிச் சொற்கள். "ஆத்தா எறங்கிட்டா!" என்று யாரோ கத்தினார்கள். குலவை எழுந்தது. அதுவரை அவளைச் சீக்காளிப் புள்ள என்று ஒதுக்கிவைத்தவர்கள் காலில் விழுந்தார்கள். "தாயி, எம்மவனுக்கு எப்பக் கல்யாணம்?" என்று ஒருத்தி குறி கேட்டாள். அவளுடைய அம்மாவின் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் வேறெந்த முகத்திலும் கண்டதில்லை.

எனக்கு இரண்டடி தள்ளி ஒரு அண்டா நிறையப் பானகம் இருந்தது. வெல்லம் கரைத்த தண்ணீர். ஒரு தம்ளர் மொண்டு அவள் வாயில் ஊற்றியிருந்தால் போதும். ஆனால் இது சாமி இல்லை, சர்க்கரை என்று சொன்னால், ஊசி போட்டது யார் என்று கேட்பார்கள், டாக்டர் காதுக்குப் போகும், வேலை போகும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் புகையிலும் பனியிலும் அவள் ஆடியதைப் பார்த்து, ஒரு கணம் நானும் கைகூப்பிவிட்டேன்.

அவள் சரிந்தாள். ஆடி விழுந்தவர்களுக்குப் பானகம் கொடுப்பது அங்கே வழக்கம். அவள் அம்மா மடியில் தலையைத் தாங்கி, விரலால் தொட்டுத் தொட்டு நாக்கில் தடவி, பிறகு வாய் வாயாகப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. "ஆத்தா மலையேறிட்டா," என்றார் பூசாரி. மஞ்சும் அப்போது மேலே ஏறிக்கொண்டிருந்தது. தெரிந்திருந்தும் நான் செய்யாததை அவர்கள் வழக்கம் செய்து முடித்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கொதிக்கவைத்த ஊசி ஆறிக்கொண்டே இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் போனேன். அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "ஆத்தா எறங்குன ஒடம்பு சார். இனி அதுல ஊசி ஏறக்கூடாது."

உள்ளே படுத்திருந்தவளின் மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். இன்னும் சில நாள் விட்டால் பிழைக்கமாட்டாள். அன்று இறங்கியது ஆத்தா இல்லை, என் ஊசி என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. அம்மாவின் முகத்தில் அந்த வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. திரும்பிப் பூசாரியிடம் ஓடினேன். அவர் ஃபாக்டரியில் வேலை செய்பவர். அவரிடமும் பாதிதான் சொன்னேன்: ஊசி நின்றால் பெண் போய்விடுவாள் என்று மட்டும்.

"அம்புட்டுத்தானே? குப்பியக் கொண்டாங்க," என்றார்.

மருந்துக் குப்பியை அம்மன் காலடியில் வைத்து, ரப்பர் மூடியில் குங்குமம் வைத்து, அவரே லயத்துக்கு எடுத்து வந்தார். "இதுவும் ஆத்தா பிரசாதந்தான். வேணாம்னு சொல்ல நீ யாரு?" அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் குங்குமத்தை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு ஊசி போட்டேன். செங்கல் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகப் பல நாள் ஆயிற்று. அதன்பின் ஒவ்வொரு புதுக் குப்பியும் கோயிலுக்குப் போய்த்தான் வந்தது. அடுத்த திருவிழாவுக்கு முன்பே நான் மேலே படிக்கப் போகிறேன் என்று மலையிறங்கிவிட்டேன். உண்மையில் ஓடினேன்.

பாலக்காட்டில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றேன். பல காலம் கழித்து, என்னிடம் படித்த டாக்டர் ஒருவர் ஒரு விழாவுக்கு அழைத்தார். சிறுவயதில் வந்த இந்த நோயோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்து காட்டியவர்களைக் கௌரவிக்கிறார்கள். நான் பொன்னாடை போர்த்த வேண்டும். மேடையில் வரிசையாக வந்தார்கள். தடித்த கண்ணாடியும் வெள்ளைத் தலையுமாக ஒரு மூதாட்டி வந்தாள். சால்வை நழுவாமல் அவள் புஜத்தருகே, அந்தக் காலத்தில் ஊசி போடும்முன் சதையைப் பிடிப்பதுபோல, இரண்டு விரலால் பிடித்தேன். அவள் என் விரல்களைப் பார்த்தாள். பிறகு என்னை.

"ஏனுங்க, சாப்பிட்டாச்சுங்களான்னு கேக்கலையா?"

கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.

விழா முடிந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் சேலையைப் பார்த்ததை, கேட்காமல் விட்டதை, பானகத்துக்குப் பக்கத்திலேயே நின்றதை. மேடையேறி எல்லோர் முன்பும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"என்னயச் சாக விட்டுருப்பீங்களா சார்?"

"தெரியலைங்க," என்றேன். அதுதான் உண்மை.

"மேடையில சொல்ல வேணாம். எங்கம்மா சாகுற வரைக்கும் அந்த ஒரு நாளத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. அதப் புடுங்காதீங்க." சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள வைத்திருந்த ஒரு வெல்லத்துண்டை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி முடிந்துகொண்டாள். "சொல்லணும்னா மலையில அந்த மாரியாத்தாகிட்டயே போய்ச் சொல்லுங்க."

அந்த வருடத் திருவிழாவுக்கு மலையேறினேன். அம்மன் முன்னால் நின்று உதடசையாமல் சொன்னேன். பதிலாக ஒன்றும் இறங்கவில்லை. மஞ்சு மட்டும் இறங்கியது. பின்னால், திருவிழாவுக்கு வந்திருந்த அவள் குரல் கேட்டது. "சும்மா நிக்காதீங்க சார். கம்பவுண்டர்தானே? வந்து கலக்குங்க." அண்டாவையும் கரண்டியையும் காட்டினாள். நசுக்கிய சுக்கும் ஏலமும் போட்டு, வெல்லம் கரையும் வரை கலக்கினேன். முழங்கை வலித்தது. விரதம் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். தம்ளரை நீட்டும்போது ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன்.

"சாப்பிட்டாச்சுங்களா?"

"விரதம்னு தெரியலையா தாத்தா?" என்று ஒரு சின்னப் பெண் சிரித்தாள்.