மடங்காத டியூப்

உள்ளறையில் கம்ப்யூட்டர் மூன்று தடவை கூவியது. அப்புறம் சத்தமே இல்லை.

அடுப்படியில் தோசையைத் திருப்பப்போன பூபதியின் கை அப்படியே நின்றது. சூடு எல்லை தாண்டிவிட்டது, இனி நான் அணைந்துவிடுவேன் என்று அந்தச் சின்னப் பெட்டி சொல்வதுதான் அந்தக் கூவல். அடுப்பை நிறுத்திவிட்டு ஓடினான்.

கட்டிலில் சாய்ந்திருந்த மோகனப்ரியா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். எதிரே திரை கறுத்துக் கிடந்தது.

"எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"ரெண்டே கால் மணி நேரம். நேத்துக்கு இது பரவால்லங்க. நேத்து ரெண்டுதான்."

அவனைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் அவனுக்கு வேண்டியது நாலு மணி நேரம். அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள். இன்று வியாழன்.

பூபதி சாத்தூர்ப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்கு பஸ் ஏறியவன். வண்டிகளுக்கு ரப்பர் ஹோஸ் செய்யும் கம்பெனியில் பதினாலு வருஷமாக இன்ஸ்பெக்டர். வரிசையில் வரும் ஹோஸ்களிலிருந்து ஒன்றை எடுப்பான். அந்த அளவுக்கென்று உள்ள இரும்பு உருளையில் சுற்றுவான். வயிறு ஒட்டாமல் உருண்டையாக நின்றால் பாஸ். மடிப்பு விழுந்தால் சிவப்புப் பெட்டி. அவன் கையால் பாஸ் ஆனது எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை ஒன்றுதான் அவன் சேர்த்து வைத்த சொத்து.

மோகனப்ரியா தர்மபுரிப் பெண். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கும் வேலை. பெங்களூர் ஆபீசுக்கு தினமும் வேனில் போய் வந்தாள். ஒரு மழை நாளில், அத்திப்பள்ளி வருவதற்கு முன்னால் அந்த வேன் கவிழ்ந்தது. மற்றவர்கள் கட்டோடும் காயத்தோடும் வீடு திரும்பினார்கள். அவளுக்கு மட்டும் முதுகெலும்பில் கம்பி வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நேராக உட்கார முடியாது என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் மேற்கூரையைப் பார்த்தே படுத்திருந்தாள். தலை வாரச் சொன்னால், யார் பார்க்கப் போறாங்க என்பாள். ஒருநாள் அவன் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது, என்னைக் கொண்டுபோய் எங்கம்மா வீட்டுல விட்டுட்டு நீங்க வேற கல்யாணம் பண்ணிக்குங்க என்று அமைதியாகச் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க என்று சொல்வதுபோலச் சொன்னாள். அன்று அவன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதான்.

பழைய ஆபீஸ்தான் கைகொடுத்தது. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள். பூபதி பெங்களூரில் அலைந்து, சாப்பாட்டுக் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி வந்தான். கட்டில் தலைமாட்டுப் பலகையில் அதுதான் நிற்கும். அவன் ஷிஃப்டுக்குப் போனபின் படுத்தபடியே அவள் கை எட்டி அணைக்கவும் போடவும் முடியும். முதல் ரிப்போர்ட்டை அனுப்பி முடித்த அன்று, அவள் அவனிடம் கண்ணாடி கேட்டாள். சீப்பும் கேட்டாள்.

ஆனால் அந்தப் பெட்டி அடுப்பாகச் சுட்டது. அதற்குள் இருந்த விசிறியோ, அவள் காதுக்கு ஒரு முழம் தள்ளி, மாவு மில் மாதிரி அலறியது. டாக்டர்களின் முணுமுணுப்பு அதில் கேட்கவே இல்லை. தலைவலியோடு பாதி வேலையில் படுத்துவிடுவாள். விசிறியின் வேகத்தைக் குறைத்தால் பெட்டி அணைந்துவிடும். வேலை பாதியில் நின்றால் ஆஸ்பத்திரியில் யாரோ காத்திருப்பார்கள். நாலு முறை அப்படி ஆனபின் ஆபீஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சௌமியா என்று ஒரு மேடம் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். நாலு மணி நேரம் நிற்காமல் ஓடினால் வீட்டு வேலை தொடரும். ஓடாவிட்டால், ஆபீசுக்கு வர முடிந்தவர்களுக்கு மட்டும்தான் வேலை.

அப்போதுதான் பூபதிக்குத் தண்ணீர் யோசனை வந்தது. கார் இன்ஜினே தண்ணீரில்தானே குளிர்கிறது. லேத் பட்டறையில் செம்புக் கட்டி ஒன்றைக் குடைந்து வாங்கி, பெட்டிக்குள் சூடேறும் சிப்பின் மேல் உட்கார வைத்தான். மீன் தொட்டி மோட்டார் ஒன்று. பழைய காரிலிருந்து கழற்றிய குட்டி ரேடியேட்டர் ஒன்று. இரண்டையும் அடுப்படி ஜன்னலோரம் வைத்து, சுவரில் துளை போட்டு டியூப் இழுத்தான். சத்தமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எல்லாம் அமைந்தது. டியூப் ஒன்றுதான் அமையவில்லை.

பெட்டிக்குள் இடம் நாலு விரற்கடை. அதற்குள் டியூப் திரும்பி வெளியே வரவேண்டும். மீன் தொட்டி டியூப் முதல் திருப்பத்திலேயே மடிந்தது. மெஷின்களுக்குக் காற்று போகும் நீல டியூப் மடியவில்லை. ஆனால் விறைப்பில் செம்புக் கட்டியையே நெம்பித் தூக்கியது. நூல் பின்னிய டியூப் வளையவே மறுத்தது. கடைசியாக அகலமான, கண்ணாடி மாதிரி ஒரு டியூப் வாங்கினான். ஓட்டை பெரிதாக இருந்தால்தானே தண்ணீர் நிறையப் போகும்? கம்பெனி வழக்கப்படியே உருளையில் சுற்றிப் பார்த்தான். பாஸ்.

அந்த பாஸ் ஆன டியூப்தான் இன்றும் காலை வாரிவிட்டது.

பூபதி பெட்டியின் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டான். திருப்பத்தில் டியூப் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. தொட்ட இடம் சுட்டது. பிசைந்த மாவுபோலக் குழைந்தது. அவன் விரலை எடுக்கவில்லை. ஓசூர்க் காலைக் குளிரில், பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் வெறும் டியூபைச் சுற்றிப் பார்த்து பாஸ் போட்டிருக்கிறான். கம்பெனியில் சூட்டுப் பரிசோதனைக்கு வேறு ஆள், வேறு அறை. பதினாலு வருஷமாக அந்த அறைக்குள் அவன் போனதே இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"நான்தான் தப்பு பண்ணிட்டேன் பிரியா," என்றான். மூடியைச் சாத்தினான்.

மறுநாள் கேன்டீனில் பூபதி சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். கூட வேலை செய்யும் கங்கப்பன் ஜவளகிரிக்காரர். வீட்டில் எட்டுக் கறவை மாடும் பால் கறக்கும் மெஷினும் உண்டு. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த மெஷினின் சின்ன டியூப் தினமும் வெந்நீரில்தான் கழுவப்படுகிறது, மாடு உதைத்தாலும் திருகினாலும் மடிவதில்லை என்றார். ஓட்டை சின்னது, சுவர் தடி. பூபதி தயங்கினான். தண்ணீர் குறைவாகத்தானே போகும்?

"ஏம்ப்பா, கொஞ்சமாப் போனாலும் போயிட்டே இருக்கறது பெருசா, நெறையப் போயி நடுவுல நின்னுக்கறது பெருசா?" என்றார் கங்கப்பன். "எங்க மாட்டு உதையவே தாங்குது. உன் பொட்டிச் சூட்டத் தாங்காதா?"

சனிக்கிழமை மாலை கங்கப்பன் ஒரு முழு நீளக் கறுப்பு டியூபைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை பூபதி உருளையைத் தொடவில்லை. பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, டியூபை மடக்கி நூலால் கட்டி அதற்குள் போட்டான். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எடுத்து, கட்டை அவிழ்க்காமலே ஒரு முனையில் வாயை வைத்து ஊதினான். மறுமுனையில் காற்று தடையில்லாமல் வந்தது. கறுப்பு ரப்பர் என்பதால் உள்ளே காற்றுக் குமிழி தண்ணீரை மறித்து நின்றாலும் தெரியாது. அது ஒன்றுதான் பயம். பொருத்தி முடித்தபோது, முழுசாக ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சௌமியா மேடம் ஒன்பது மணிக்கு வருவதாக ஏற்பாடு. அந்த வருஷம் தினமும் மின்வெட்டு. அவர்கள் தெருவில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை. ஒன்பதுக்குத் தொடங்கினால் ஒன்றுக்கு முடியும் என்று கணக்குப் போட்டுத்தான் நேரம் சொல்லியிருந்தான். ஆனால் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரிகள் அடைத்துக்கொள்ள, அவர் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது மணி ஒன்பது இருபது.

பூபதி மனசுக்குள் கணக்கைத் திருப்பிப் போட்டான். யு.பி.எஸ். பழசு. கம்ப்யூட்டரை மட்டும் அரை மணி நேரம் தாங்கும். மோட்டாரையும் மாட்டினால் ஐந்து நிமிஷத்தில் கை விரித்துவிடும். அதனால் மோட்டாரைச் சுவர் மின்சாரத்தில்தான் மாட்டியிருந்தான். கடைசி இருபது நிமிஷம் தண்ணீர் ஓடாது.

சௌமியாவுக்கு முப்பது வயதிருக்கும். கன்னட வாசனையோடு தமிழ் பேசினார். மோகனப்ரியாவின் கையைப் பிடித்து நலம் விசாரித்தார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டார். பூபதி அடுப்படியில் ரேடியேட்டரின் மேல் கையை வைத்தபடி நின்றான். வெதுவெதுப்பு. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. வெதுவெதுப்பு ஏறவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மோகனப்ரியாவின் விரல்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

சொன்ன நேரம் தவறாமல் ஒரு மணிக்கு மின்சாரம் போயிற்று. மோட்டார் நின்றது.

பூபதி இதற்காக ஒரு வாளி தண்ணீரைப் பரண்மேல் ஏற்றி வைத்திருந்தான். மோட்டாரிலிருந்து டியூபைப் பிடுங்கி அந்த வாளிக்குள் விட்டான். வெளியே வரும் முனையை ரேடியேட்டரிலிருந்து உருவி வாயில் வைத்து, கன்னம் ஒட்ட உறிஞ்சினான். அந்தப் பழைய டியூபாக இருந்தால் இந்த உறிஞ்சலிலேயே சப்பையாகி ஒட்டியிருக்கும். வரவில்லை. மறுபடியும் உறிஞ்சினான். கண் இருண்டது. மூன்றாவது தடவை ரப்பர் கசப்போடு வெந்நீர் வாய் நிறைய வந்தது. துப்பிவிட்டு முனையைக் கீழே இருந்த பானைக்குள் விட்டான். பென்சில் கனத்துக்குத் தண்ணீர் விழத் தொடங்கியது.

பானை நிறைந்ததும் வேறொன்றை வைத்தான். நிறைந்ததைத் தூக்கி, ஸ்டூலில் ஏறி வாளியில் ஊற்றினான். ஒருமுறை கால் வழுக்கி முழங்கால் மேடையில் இடித்தது. உள்ளே கூவல் கேட்கிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டான். டைப் அடிக்கும் சத்தம் மட்டும்தான். அது நின்றுவிடக் கூடாது, கடவுளே, அது மட்டும் நின்றுவிடக் கூடாது.

நாலாவது பானையைத் தூக்கி அவன் ஸ்டூலில் நின்றபோது, வாசற்படியில் சௌமியா நின்றிருந்தார்.

"ஏன்ரீ இது? என்ன இதெல்லாம்?" என்றார்.

பூபதிக்குப் பொய் வரவில்லை. பானையைத் தலைக்குமேல் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். சட்டை மார்போடு ஒட்டி நனைந்திருந்தது.  கீழே வைத்திருந்த பானை நிறைந்து வழியப்போவதைப் பார்த்து, குனிந்து அடுத்த பாத்திரத்தை அவரே நகர்த்தி வைத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஒன்று இருபதுக்கு டைப் சத்தம் நின்றது. பூபதி ஈரக் கையோடு உள்ளறை வாசலுக்கு வந்தான். திரையில் வெளிச்சம் இருந்தது. மோகனப்ரியா கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டு, நிமிர்ந்து சௌமியாவையே பார்த்தாள்.

"சார் ஷிஃப்டுக்குப் போன நேரத்துல கரண்ட் போனா யாரு தண்ணி ஊத்துவாங்க?" சௌமியா அவளிடம்தான் கேட்டார்.

பூபதி வாயைத் திறந்தான். அதற்குள் மோகனப்ரியா பேசிவிட்டாள்.

"யாரும் ஊத்த வேணாம் மேடம். கட் ஆகற நேரம் எங்களுக்குத் தெரியும். அந்த ரெண்டு மணி நேரம் எனக்கு ஃபைல் அனுப்பாதீங்க. மத்த நேரத்துக்கு நான் பொறுப்பு."

சௌமியா பாரத்தில் வெகுநேரம் எழுதினார். பேனா நகர்வதைப் பார்த்தபடி பூபதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, பிரதியைக் கிழித்து மோகனப்ரியாவின் மடியில் வைத்தார்.

"நாலு மணி நேரம் நிக்காம ஓடணும்னுதான் இதுல இருக்கு. ஓடுச்சு. ஒண்ணுலருந்து மூணு வரைக்கும் உங்களுக்கு வேலை வராது, அதையும் எழுதிட்டேன்." பிறகு பூபதியின் பக்கம் திரும்பினார். "சார், முதல்ல புது யு.பி.எஸ். வாங்குங்க."

மோகனப்ரியா அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. இரண்டு கையாலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணீர் காதுவரை வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டுப் போங்க மேடம் என்று அவள் அழைத்தபோது, செக்போஸ்ட் அடைப்பைச் சொல்லி சௌமியா மறுத்தார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, வரேன்மா என்று அவள் தோளைத் தொட்டுவிட்டுப் புறப்பட்டார்.

பூபதி தெருவரை கூடப் போனான்.  கையெடுத்துக் கும்பிட்டான். ஆட்டோ முனை திரும்பும்வரை நின்றான். மறைந்ததும் வேகமாக உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். இந்தத் தடவை குளியலறைக் குழாயைத் திறக்காமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.