கொழும்பு விமானம்

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் நாங்கள் தியேட்டருக்குப் போனது மூன்று முறைதான். மூன்றாவது, திருச்சியில் ஒரு மதியக் காட்சி. இத்தாலிக்குச் சுற்றுலா போன இரண்டு ஜோடிகள், ஆள் மாற்றி ஆளைக் காதலித்து அல்லாடுகிற படம். தியேட்டரே சிரித்தது. எனக்கோ அந்தக் கடற்கரையில் ஒருமுறை நடக்க வேண்டும் போலிருந்தது.

என் கணவர் ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குப் பூஜை செய்பவர். கடல் தாண்டிவிட்டால் அவர் பெருமாளைத் தொடக்கூடாது. தெரிந்துதான் கழுத்தை நீட்டினேன். இருந்தும் இடைவேளையில் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்களுக்குத்தான் கடல் தாண்டப்படாது. உங்களக் கட்டிண்டதால நேக்கும் இல்லேன்னு ஆயிடுத்து."

அவர் கோபப்படவில்லை. "நீ போய்ட்டு வாயேன். ஏர்போர்ட் வரைக்கும் நான் வரேன்" என்றார்.

திரும்பும்போது, ஸ்கூட்டர் காவிரிப் பாலத்தில் ஏறியதும் தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கொழும்பு ஃபிளைட். இன்னிக்கு அரை மணி லேட்டு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினம் கேக்கறேனே."

ஏக்கம் எனக்கு மட்டும்தான் என்று பதினாறு வருடம் நினைத்திருக்கிறேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் சத்தம் கேட்டால், எந்த ஊருக்கு என்று நானே கேட்கிறேன். அவர் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.